பெயரும் பதவியும் போன பின் எஞ்சுவது யார்?

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால், நெமிலி வட்டாரத்து வங்கிக் கிளைகளிலும் அஞ்சலகங்களிலும் முதியோரின் கூட்டம் மிகுந்துவிடும். மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்றிதழ் அளித்தல் வேண்டும் என்பது விதி. 2014ஆம் ஆண்டு முதல் விரல் ரேகையைப் பதித்தும் இச்சான்றினை அளிக்கலாம். ஆயினும், நாற்பது ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை சில வேளைகளில் பதிவதில்லை. ஊரறிந்த பெரியவர் ஒருவர், தாம் தாமே என்பதை ஓர் இயந்திரத்திடம் மெய்ப்பிக்க இயலாமல் நிற்கும் நிலை அப்போது உண்டாகிறது.

ரேகை பதிந்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. ஓய்வூதியம் தடையின்றி வரும். ஆனால் அந்தச் சான்றிதழ், ஒருவர் இருக்கிறார் என்பதை மட்டுமே கூறுகிறது. இருப்பவர் யார் என்பதை அது கூறுவதில்லை. உபநிடத காலத்து மாணாக்கர் முதல் இக்கால உளவியல் அறிஞர் வரை எல்லோரும் கேட்டு வந்திருப்பது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். முதுமையில் அது நூலில் படிக்கும் கேள்வியாக நின்றுவிடாமல், வீட்டுத் திண்ணையிலேயே வந்து அமர்ந்துகொள்கிறது.

பிறர் தந்த ‘நான்’

இராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ தோல் பதனிடும் டேனரி ஒன்றில் முப்பது ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்த ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். காலையில் வாயிலில் நுழைந்ததும் வணக்கம் வரும். அவர் சொல்லுக்கு நூறு பேர் காத்திருப்பர். ஓய்வு பெற்ற மறுநாள் அந்த வணக்கம் நின்றுவிடுகிறது. உடம்பு அதேதான், அறிவும் குறையவில்லை. ஆயினும் ஏதோ ஒன்று பறிபோய்விட்டதாக அவர் உணர்கிறார். பறிபோனது எது?

சமூகவியல் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அமெரிக்க அறிஞர் சார்லஸ் கூலி, 1902இல் வெளியிட்ட நூலில், மனிதன் தன்னைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணம் பிறருடைய கண்களாகிய கண்ணாடியில் தெரியும் உருவமே என்றார். பிறர் மதித்தால் தன்னை மதிக்கிறான். பிறர் புறக்கணித்தால் தன்னையே சிறுமையாக எண்ணுகிறான். சிகாகோவில் கற்பித்த ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட், குழந்தை விளையாட்டில் தாயாகவும் ஆசிரியராகவும் நடித்து, பிறர் நிலையில் நின்று தன்னைப் பார்க்கப் பழகுவதாலேயே ‘நான்’ என்னும் உணர்வு உருவாகிறது என்று விளக்கினார்.

உறவு மாறினால் ‘நான்’ மாறுகிறது என்பதை நெமிலிக்கு வரும் அன்பர்கள் பாலா பீடத்திலேயே காணலாம். அங்கு அன்னை திரிபுரசுந்தரி, மிகச் சிறிய திருமேனியுடன், பாலா என்னும் சிறுமியாக எழுந்தருளியிருக்கிறாள். உலகனைத்தும் ஈன்றவளைக் குழந்தையாகப் பாவிக்கும் அச்சந்நிதியில், வீட்டில் யாருக்கும் தாம் தேவைப்படவில்லை என்று வருந்தும் மூதாட்டியும் ஒரு தாயாகி விடுகிறார். அவரை அந்நேரத்தில் தாயாக்கியது எதிரில் நிற்கும் குழந்தையே.

ஆகவே, பிறர் தரும் ‘நான்’ பொய் என்று எளிதில் தள்ளிவிட இயலாது. அது மெய்யாகவே தாங்குகிறது. ஆனால் தரப்பட்டது எதுவோ, அது திரும்பப் பெறவும் படும். முதுமையின் துயரங்களுள் பாதி இங்குதான் பிறக்கின்றது.

நீரில் தெரிந்த உருவம்

கண்ணாடியில் தெரிவதே ‘நான்’ என்னும் கருத்தை சாந்தோக்கிய உபநிடதம் பன்னெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறது. ஆன்மாவை அறிய விரும்பித் தேவர்கோன் இந்திரனும் அசுரர்கோன் விரோசனனும் பிரஜாபதியிடம் சென்றனர். முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்த பின், நீர் நிறைந்த பாத்திரத்தில் தம் உருவத்தைப் பார்க்குமாறு அவர் பணித்தார். நல்லாடையும் அணிகளும் பூண்டு பார்த்தார்கள். நீரிலும் அவ்வாறே தெரிந்தது. இதுவே ஆன்மா என்று மகிழ்ந்த விரோசனன், உடலைப் பேணுவதே நெறி என்று அசுரர்களுக்குப் போதிக்கப் போய்விட்டான்.

இந்திரன் பாதி வழியில் திரும்பி வந்தான். உடல் அழகானால் நிழலுருவமும் அழகாகும். உடல் குருடானால் அதுவும் குருடாகும். உடல் அழிந்தால் அதுவும் அழியும். இதில் தனக்கு நன்மை யாதென்று அவன் வினவினான். மீண்டும் முப்பத்திரண்டு ஆண்டுகள். கனவில் உலவுபவனே ஆன்மா என்றார் பிரஜாபதி. கனவிலும் அழுகையும் அச்சமும் உண்டே என்று இந்திரன் திரும்பினான். மேலும் முப்பத்திரண்டு ஆண்டுகள். ஆழ்ந்த உறக்கத்தில் அமைதியாயிருப்பவனே ஆன்மா என்றார். அங்கே ‘நான் இருக்கிறேன்’ என்னும் உணர்வே இல்லையே, அது அழிவு போன்றதல்லவா என்று அவன் மறுபடியும் ஐயுற்றான். இன்னும் ஐந்து ஆண்டுகள் கழிந்தன. நூற்றோராம் ஆண்டில்தான், அழியும் உடலைச் சாராத ஆன்மாவைப் பற்றிய உபதேசம் அவனுக்குக் கிட்டியது.

இக்கதையில் கவனிக்கத் தக்கது ஒன்று. விரோசனன் மூடன் அல்லன். கண்ணால் கண்டதை நம்பினான், அவ்வளவே. இந்திரனின் சிறப்பு, கிடைத்த விடையில் முதுமையையும் சாவையும் வைத்து உரைத்துப் பார்த்ததுதான். இளமைக்கும் செல்வத்துக்கும் மட்டும் பொருந்தும் விடை அவனுக்குப் போதவில்லை.

உள்ளே தேடியவர்கள்

மேலை நாட்டிலும் இத்தேடல் நிகழ்ந்தது. ஸ்காட்லாந்து தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், 1739இல் வெளிவரத் தொடங்கிய தம் பெருநூலில், தம்முள் எத்தனை முறை நோக்கினாலும் வெப்பம், குளிர்ச்சி, இன்பம், துன்பம் போன்ற உணர்வுகளே அகப்படுகின்றன என்றும், அவற்றையன்றித் தனியே ஒரு ‘நான்’ அகப்படவில்லை என்றும் எழுதினார். 1890இல் அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் இன்னொரு பாகுபாட்டைச் செய்தார். உடல், உடைமை, குடும்பம் ஆகியவை ஒரு வகை. பிறர் மதிப்பில் வாழ்வது இன்னொரு வகை. மனத்தின் இயல்புகளும் ஆற்றல்களும் மூன்றாம் வகை. இவை அனைத்தும் அறியப்படும் ‘நான்’. இவற்றை அறிகின்ற ‘நான்’ வேறாக எண்ணத்தக்கது என்றார்.

பின்னர் வந்த எரிக் எரிக்சன், 1950இல் வெளியிட்ட நூலில் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பகுத்தார். இறுதிப் பருவத்தின் பணி, வாழ்ந்த வாழ்வை அதன் நிறைகுறைகளோடு தன்னுடையதென்று ஏற்றுக்கொள்வது. அது கைகூடினால் நிறைவு, கைகூடாவிடில் மனமுறிவு. வேறொரு வாழ்வு வாழ்ந்திருக்கலாமே என்று இரவெல்லாம் விழித்திருக்கும் முதியோர் எத்தனை பேர் என்பது வீடுகளுக்குத் தெரியும்.

படிகமும் வண்ணமும்

தமிழ்நாட்டின் சைவ சித்தாந்தம், சமூகவியல் கூறுவதையும் தத்துவம் தேடுவதையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்ட தேவர் அருளிய சிவஞான போதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்டது. அதன் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதை நிறுவுகிறது. என் வீடு என்பவன் வீடாக ஆகாதது போல, என் உடல் என்று சொல்பவனும் உடலாக மாட்டான். ஐம்பொறிகள் ஓய்ந்த கனவிலும் ஒன்று அறிந்துகொண்டிருக்கிறது. உயிர் பிரிந்த உடலோ உண்பதுமில்லை, அறிவதுமில்லை.

அவ்வாறாயின், அந்த உயிர் ஏன் தன்னை மேற்பார்வையாளராகவும் மாமியாராகவும் எண்ணி மயங்குகிறது? சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இயல்பு என்கிறது சித்தாந்தம். படிகக் கல் செம்மலரின் அருகில் சிவப்பாகவும், நீலமலரின் அருகில் நீலமாகவும் தோன்றும். மலரை எடுத்துவிட்டால் படிகம் குறைந்துவிடுவதில்லை. உலகைச் சார்ந்த உயிர் உலகாகவே தோன்றும். இறைவனைச் சார்ந்த உயிர் அவன் அருளின் வண்ணம் பெறும். சார்பு இல்லாமல் உயிர் நிற்பதில்லை. எதைச் சார்வது என்பதே கேள்வி.

கையொப்பம் இல்லாத கடிதம்

இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் பகவான் ரமணர். 1879 டிசம்பர் 30ஆம் நாள் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 1892இல் தந்தையை இழந்து, மதுரையில் சிற்றப்பாவின் வீட்டில் வளர்ந்தார். 1896ஆம் ஆண்டின் நடுவில், உடல்நலத்தில் குறை ஏதும் இல்லாத வேளையில், திடீரென மரண அச்சம் அவரைப் பற்றியது. பதினாறு வயதுச் சிறுவன் யாரையும் அழைக்கவில்லை. இறந்தவனைப் போலக் கை கால்களை நீட்டிப் படுத்து, இவ்வுடல் இறந்தால் இறப்பது யார் என்று தமக்குள் நோக்கினார். உடல் வீழ்ந்தாலும் வீழாத ஒன்று தாம் என்னும் தெளிவு அப்போது நிலைபெற்றது.

அதே ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். தமையனாரின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டு ரூபாயுடன் ஒரு கடிதம் எழுதி வைத்தார். ‘நான்’ என்று தொடங்கும் அக்கடிதம், அடுத்த வரிகளிலேயே ‘இது’ என்று மாறிவிடுகிறது. கையொப்பம் இடவேண்டிய இடத்தில் கையொப்பம் இல்லை. ஒரு கோடு மட்டும் இருந்தது. ஆயினும், கல்லூரிக் கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை, இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்ற செய்தி பிழையின்றி எழுதப்பட்டிருந்தது. ‘நான்’ விலகியபோதும் கடமை விலகவில்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று தேவையில்லை.

செப்டம்பர் 1ஆம் நாள் அவர் திருவண்ணாமலையை அடைந்தார். சில ஆண்டுகளுக்குப் பின், தத்துவம் பயின்றவரும் தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறையில் பணியாற்றியவருமான சிவப்பிரகாசம் பிள்ளை அவரிடம் கேட்ட முதற் கேள்வியே, தாம் யார் என்பதுதான். அன்று மௌனத்தில் இருந்தவர் எழுதிக் காட்டிய விடைகளே, 1923இல் அச்சேறிய ‘நான் யார்?’ என்னும் சிறு நூலாயிற்று.

வேலூரிலிருந்து சென்றவர்கள்

வேலூர்ச் சீமைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. வேலூரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி அதைத் துறந்த காவ்யகண்ட கணபதி சாஸ்திரிகள், வடமொழியில் பெரும்புலமை உடையவர்; பல கோடி மந்திர ஜபம் செய்தவர். எனினும் தவம் என்பதன் உட்பொருள் விளங்கவில்லை என்று, 1907 நவம்பர் 18ஆம் நாள் விரூபாட்ச குகைக்கு வந்து விண்ணப்பித்தார். ‘நான்’ என்னும் எண்ணம் எங்கிருந்து எழுகிறது என்று நோக்கினால் மனம் அங்கேயே ஒடுங்கும், அதுவே தவம். மந்திரத்தை ஜபிக்கும்போதும் அதன் ஒலி எங்கிருந்து எழுகிறது என்று நோக்கினால் அதுவும் தவமே என்று விடை வந்தது. அதுவரை பிராமண சுவாமி என்று அழைக்கப்பட்டவருக்கு ரமண மகரிஷி என்னும் பெயரைச் சூட்டியவர் சாஸ்திரிகளே. வேங்கடராமன் என்பதும், பிராமண சுவாமி என்பதும், ரமணர் என்பதும் பிறர் தந்த பெயர்கள். பெயர் மாறிய போதெல்லாம் மாறாதிருந்தவர் அவர்.

1911 நவம்பரில், வேலூரில் பயிற்சியில் இருந்த ஃபிராங்க் ஹம்ஃப்ரீஸ் என்னும் இளம் ஆங்கிலேயக் காவல் அதிகாரி, தமக்குத் தெலுங்கு கற்பித்த நரசிம்மய்யாவுடனும் சாஸ்திரிகளுடனும் அதே குகைக்குச் சென்றார். உலகுக்குத் தம்மால் உதவ இயலுமா என்பது அவருடைய கேள்வி. தனக்கு உதவிக்கொண்டால் உலகுக்கு உதவியதாகும். உலகம் தன்னினின்று வேறன்று என்பது விடையின் கருத்து. ஆளும் இனத்தவர், அதிகாரி என்ற வண்ணங்கள் அக்குகையின் முன் உதிர்ந்து, கேட்பவர் ஒருவர் மட்டுமே நின்றார்.

இல்லத்துக்கு ஏற்ற விசாரம்

இத்தனை கருத்துகளும் முதியோருக்குத் தருவது என்ன? முதலாவது, பதவியும் வணக்கமும் நீங்கியபோது நேரும் வெறுமை இழுக்கன்று. படிகத்தின் அருகிலிருந்த மலர் எடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. பழைய மலரையே தேடி மருமகளிடமும் பேரனிடமும் அதிகாரம் செலுத்துவதைவிட, சார்பை மாற்றிக்கொள்வது எளிது. நாள்தோறும் செய்யும் ஜபத்தைச் செய்யும்போதே, இதைச் செய்பவர் யார் என்று கணநேரம் உள்நோக்கினால் போதும். அதற்கு முழங்கால் வலியும் தடையன்று.

இரண்டாவது, மறதி நோய் பற்றியது. மகன் பெயரையும் தம் பெயரையும் மறக்கும் நிலையைச் சிலர் ‘நான்’ அழிந்த ஞானநிலை என்று தேற்றிக்கொள்கின்றனர். அது தவறு. அது நோய், மருத்துவரை நாடுதல் வேண்டும். ஞானியின் கடிதத்தில் கணக்குப் பிசகவில்லை என்பதை நினைவிற் கொள்ளலாம். ஆயினும், நினைவு போனவரிடத்தும் உயிர் உண்டு. உடலோ நினைவோ உயிரன்று என்றே சாத்திரம் சாதிக்கிறது. ஆகவே அவர் யாராகவும் இல்லாதவர் ஆகிவிடவில்லை.

மூன்றாவது, இளையோரின் கடமை. தாம் யாரென்று தம்மால் சொல்ல இயலாதவருக்கு, அதைச் சொல்லிக் கொண்டிருக்க வேண்டியவர் சுற்றத்தாரே. அப்பா, அம்மா, தாத்தா என்று ஒவ்வொரு முறை வாயாற அழைப்பதும், கண்ணாடி ஒன்றை அவர் முன் அன்போடு ஏந்துவதற்குச் சமம். நீரில் தெரிவது ஆன்மா அன்று என்று உணர்ந்த இந்திரனின் வழி பெரியோருக்கு. அதுவரை அவர் முகம் தெளிவாகத் தெரியும்படி நீரைக் கலக்காமல் வைத்திருக்கும் பணி பிள்ளைகளுக்கு.

இவ்வாண்டும் நவம்பர் வரும். உயிர்வாழ் சான்றிதழில் விரல் ரேகை பதியும் அல்லது பதியாமற் போகும். பதியாவிடில் அதற்கு மாற்று வழிகள் உண்டு. வங்கி அலுவலர் செய்து தருவார். இருப்பவர் யார் என்னும் கேள்விக்கு மட்டும் வேறொருவர் சான்றளிக்க இயலாது. அதைக் கேட்கத் தொடங்கியவருக்கு அருணாசலமும் அருள்வான். நெமிலியில் வீற்றிருக்கும் பாலாவும் துணைநிற்பாள்.