ஒல்லாந்த ஓவியர்களின் தனி வரைவேடுகளும் செஞ்சி நாட்டு மக்கள் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

செஞ்சியின் வரலாறு பெரிதும் அரசர்களையும் முற்றுகைகளையும் மையமாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் செஞ்சியை அடுத்த கடற்கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. அத்தகையோர் கொண்டு செல்லப்பட்ட நகரங்களில் தங்கி வரைந்த எசாயாஸ் பூர்ஸ், யான் பிராண்டெஸ் என்னும் இரு ஒல்லாந்தரின் தனி வரைவேடுகளை இக்கட்டுரை அறிமுகப்படுத்துகிறது. அவற்றைத் தமிழக வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளும் முறையினையும் அதன் எல்லையினையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செஞ்சி, தேவனாம்பட்டினம், ஒல்லாந்தர், வரைவேடு, அடிமை வணிகம், காட்சிச் சான்று.

முன்னுரை

இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து அமைந்தது செஞ்சிக் கோட்டை. நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலரது ஆட்சியையும் அது கண்டது. 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் மராத்தியப் படையரண்களுள் ஒன்றாக இடம்பெற்றது. செஞ்சியைப் பற்றிய எழுத்துச் சான்றுகளும் ஆள்வோரையே பேசுகின்றன. நாராயணன் பிள்ளை இயற்றிய கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம் அரசர் வரிசையைக் கூறுவது. சி. எஸ். சீனிவாசாச்சாரியாரின் 1943ஆம் ஆண்டு ஆங்கில நூலும் செஞ்சியையும் அதன் ஆட்சியாளர்களையும் பற்றியது. மக்கள் நாவில் நிலைத்த தேசிங்கு ராஜன் கதையும் 1714இல் நிகழ்ந்த ஒரு போரின் கதையே.

கோட்டையைச் சூழ்ந்த நாட்டில் உழுதும் நெய்தும் வாழ்ந்த மக்களின் தோற்றமும் தொழிலும் எங்கே பதிவாகியுள்ளன என்பது இங்கு எழும் வினா. அவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி தமிழகத்திற்கு வெளியே, ஓவியர்கள் தமக்கென வைத்திருந்த வரைவேடுகளில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

செஞ்சியும் ஒல்லாந்தரும்

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1608ஆம் ஆண்டு செஞ்சி நாயக்கரிடம் இசைவு பெற்றுக் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் காலூன்றினர். துணி வணிகமே அவர்களது முதன்மை நோக்கம். எனினும், போரும் பஞ்சமும் நாட்டை வாட்டிய காலங்களில் மனிதர்களும் விற்பனைப் பொருளாயினர்.

இவ்வணிகம் ஆண்டுதோறும் ஒரே அளவில் நிகழவில்லை. அழிவுக் காலங்களில் திடீரெனப் பெருகியது என்பதை மார்கஸ் விங்கின் ஆய்வு காட்டுகிறது. தஞ்சை, மதுரை, செஞ்சி நாயக்கர்கள் 1645இல் விசயநகர மேலாண்மையை எதிர்த்தனர். அதனைத் தொடர்ந்து பீஜப்பூர்ப் படைகள் நாட்டைச் சூறையாடின. 1646இல் மட்டும் 2,118 பேர் பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தென்சோழமண்டலக் கரையினர். பீஜப்பூர்ப் படையெடுப்புகளால் தஞ்சைப் பகுதி பாழ்பட்ட 1659–1661ஆம் ஆண்டுகளில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கப்பட்டு, அவர்களுள் பெரும்பாலோர் இலங்கைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சிறு பகுதியினர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர்.

கணக்கேடுகளில் இம்மக்கள் எண்ணிக்கையாக மட்டுமே எஞ்சுகின்றனர். அவர்கள் எவ்வாறு உடுத்தினர், எவ்வேலை செய்தனர் என்பதைக் கணக்கேடு கூறுவதில்லை. இவ்விடத்தில்தான் வரைவேடு துணைசெய்கிறது.

தனி வரைவேட்டின் இயல்பு

அக்காலத்தில் ஐரோப்பியர் பார்த்த கீழைநாட்டுப் படங்களுள் பெரும்பாலானவை அச்சுநூல்களில் இடம்பெற்ற செப்புத்தகட்டுப் படங்கள். பால்தேயுஸ் பாதிரியார் மலபார், சோழமண்டலம், இலங்கை பற்றி எழுதி 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இத்தகைய நூல்களில், நேரில் கண்டவர் வரைந்ததை மற்றொருவர் தகட்டில் செதுக்குவார். பதிப்பாளர் வாங்குவோரின் விருப்பத்திற்கேற்ப அதனைத் திருத்துவார். இதனால் ஒரு குறிப்பிட்ட மனிதரின் உருவம் ஓர் இனத்தின் பொதுவுருவாக மாறிவிடுகிறது.

தனி வரைவேடு இதனின் வேறுபட்டது. அது விற்பனைக்கன்று, ஓவியர் தம் கைப்பயிற்சிக்கும் நினைவுக்கும் குடும்பத்தார்க்கும் என வைத்துக்கொண்டது. ஆதலின், கம்பெனி அறிக்கைகள் குறிப்பிடத் தகாதனவென விட்டுவிட்ட அன்றாடச் செய்திகள் அதில் இடம்பெறுகின்றன. ஓவியரின் வாழ்க்கையையும் அவர் கண்ட மக்களின் வாழ்க்கையையும் ஒருசேரப் பதிவு செய்வது அதன் தனிச்சிறப்பு.

எசாயாஸ் பூர்ஸின் வரைவேடு

எசாயாஸ் பூர்ஸ் 1631இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். வீட்டின் உட்புறத்தில் சமைத்தும் நூற்றும் தனித்திருக்கும் பெண்களை வண்ணத்தில் தீட்டியவர். ஓவியத் தொழிலை நம்பியே வாழாமல் 1661இல் கம்பெனியின் பணியில் சேர்ந்து கப்பலேறினார். இலங்கையில் தங்கி, 1663இல் தாயகம் திரும்பினார். மீண்டும் பயணம் மேற்கொண்டபோது 1672இல் கடலிலேயே இறந்தார்.

1662ஆம் ஆண்டைச் சேர்ந்த அவரது இலங்கை வரைவேடு 116 ஓவியங்களைக் கொண்டது. ‘வரைவேடு’ என்றே பொருள்படும் பழைய ஒல்லாந்தச் சொல்லால் அது அழைக்கப்படுகிறது. இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கண்ட மக்கள், அவர்தம் உடை, தொழில், குடியிருப்பு ஆகியன அதில் இடம்பெறுகின்றன. அடுக்களைப் பெண்ணைக் கூர்ந்து நோக்கிப் பழகிய கண், கொழும்பிலும் எளியோரையே நாடியது எனலாம்.

ஏட்டின் ஆண்டு இங்குக் கருதத்தக்கது. சோழமண்டலக் கரையிலிருந்து பல்லாயிரவர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மூன்றாண்டுகள் முடிந்த மறு ஆண்டிலேயே பூர்ஸ் இவற்றை வரைந்துள்ளார். எனவே, அவ்வேட்டில் காணும் உழைப்பாளர்களுள் சிலர் தமிழகத்திலிருந்து வந்தோராதல் கூடும். எந்த உருவம் யாருடையது என உறுதியாகக் கூற இயலாது. ஆயினும், தேவனாம்பட்டினத்துக் கப்பல்களில் சென்றோர் எத்தகைய நகரில், எத்தகைய வேலைகளுக்கிடையே வாழ நேர்ந்தது என்பதற்கு இது சமகாலச் சான்று.

யான் பிராண்டெஸின் ஏடுகள்

யான் பிராண்டெஸ் (1743–1808) லூத்தரன் திருச்சபைப் போதகராக 1779இல் பத்தாவியா சென்றவர். ஓவியம் அவருக்குத் தொழிலன்று. எனினும் வீட்டு அறைகள், குழந்தையின் விளையாட்டு, பூச்சிகள், பறவைகள், தாவரங்கள், நகரக் காட்சிகள் என அவர் வரையாத பொருள் குறைவு. மனைவியை இழந்த பின் சிறுமகனுடன் புறப்பட்டு, 1785–1786இல் இலங்கையில் தங்கினார். கண்டி அரசின் தூதர்களைக் கொழும்பில் ஆளுநர் வரவேற்ற நிகழ்ச்சியையும் யானை பிடிக்கும் களத்தையும் வரைந்தார். பின்னர் நன்னம்பிக்கை முனை வழியாக ஐரோப்பா திரும்பிச் சுவீடனில் குடியேறினார். அவருடைய ஏடுகளும் ரைக்ஸ் அருங்காட்சியகத்திலேயே உள்ளன.

பிராண்டெஸின் மகனுடன் ஃபுளோரா என்னும் அடிமைப் பெண்ணைக் காட்டும் ஓவியம் நமது பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. தந்தை தம் மகனை வரைய, அவனைப் பேணிய பெண்ணும் உடன் பதிவாகிறாள். அவள் பெயர் உரிமையாளர் வழங்கியது. பிறந்த ஊரும் தாய்மொழியும் அப்பெயரில் மறைந்துவிடுகின்றன. அன்புமிக்க குடும்பப் படமாகவும் உரிமை பறிக்கப்பட்ட ஒருத்தியின் சான்றாகவும் அது ஒருங்கே விளங்குகிறது.

சான்றாகக் கொள்ளும் முறை

இத்தகைய ஏடுகளைப் பயன்படுத்துவோர் மூன்று நிலைகளில் ஆராய்தல் வேண்டும். முதலாவது, காலமும் இடமும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பத்தாவியாவில் இருந்த அடிமைகளுள் பெரும்பாலோர் பாலி, சுலாவெசி முதலிய தீவுகளைச் சார்ந்தோர். ஆகவே, பிராண்டெஸின் பத்தாவியா ஓவியங்களில் தமிழரைத் தேடுவது பொருந்தாது. வீட்டடிமை முறையின் இயல்பை அறியவே அவை உதவும். 1662ஆம் ஆண்டுக் கொழும்பின் நிலை வேறு.

இரண்டாவது, ஓவியரின் நோக்கம். யாரை அருகில் வரைந்தார், யாரைப் பின்னணியில் நிறுத்தினார், யாருக்குப் பெயர் எழுதினார் என்பன ஓவியரின் சமூக நிலையையும் வெளிப்படுத்துகின்றன. விற்பனைக்கு அல்லாதது என்பதனாலேயே ஓர் ஏடு நடுநிலையானதாகிவிடாது.

மூன்றாவது, ஆவண ஒப்பீடு. தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கொழும்பிலுள்ள இலங்கைத் தேசிய ஆவணக் காப்பகம், தி ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகம் ஆகியவற்றில் ஒல்லாந்தர் ஆவணங்கள் உள்ளன. கப்பல் புறப்பட்ட துறையும் ஆண்டும் ஆவணத்தில் கிடைக்கும். உடையும் கருவியும் வேலையும் ஏட்டில் கிடைக்கும். இவற்றோடு நாயக்கர் காலக் கோயில் சிற்பங்களில் காணும் எளியோரின் உடை, அணிகளையும் ஒப்பிடின் முடிவுகள் வலுப்பெறும்.

முடிவுரை

செஞ்சி நாட்டின் வரலாறு கோட்டைச் சுவர்களோடு முடிவதன்று. போர்களால் நிலமிழந்தோர் சிலர் தேவனாம்பட்டினத்துறை வழியே கடல் கடந்தனர். அவர்களைப் பற்றிய கணக்குகள் ஒல்லாந்தர் ஆவணங்களிலும், அவர்கள் வாழ நேர்ந்த உலகின் காட்சி தனி வரைவேடுகளிலும் பிரிந்து கிடக்கின்றன. ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் தொகுப்பு இணையத்தில் கட்டணமின்றிக் காணக் கிடைப்பதால், இவ்வாய்வைத் தமிழகத்திலிருந்தே தொடங்க இயலும். ஒல்லாந்த மொழியறிவும் தமிழ்ச் சமூக வரலாற்றறிவும் ஒருங்கே பெற்ற இளம் ஆய்வாளர்கள் உருவாவதே இத்துறையின் உடனடித் தேவை. அதுவரை செஞ்சியின் வரலாற்றில் மன்னர்க்குப் பெயரும் மக்களுக்கு எண்ணிக்கையுமே எஞ்சியிருக்கும்.