பாட்டுக்கும் உப்பு வேண்டும்!

உள்ளத்தை உலுக்கும் பாட்டு எழுதுவது எப்படி? இளந்தோழர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. சிறிய கேள்வியல்ல. பேச்சு மைதானத்தோடு நின்றுவிடும். பாட்டோ வீட்டுக்கு வரும், மறுநாள் வேலைத்தலத்துக்கும் வரும்!

விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். குழித்துறை ஆறு கடலில் கலக்கும் தேங்காய்ப்பட்டணத்துக் கரையில் நிற்போம். கரைமடி இழுப்பவர்களுக்குப் பாட்டு பொழுதுபோக்காக இருந்ததா? இல்லை. ஒருவன் குரல் கொடுப்பான். மற்றவர் ஏற்றுப் பாடுவர். பல கைகளை ஒரே கையாக்கிய கருவி அது! 'ஏலேலோ', 'ஐலசா' என்பவை பொருளற்ற ஒலிகள் என்பார் பண்டிதர். இழுக்கும் நேரத்தையும் மூச்சு வாங்கும் நேரத்தையும் வகுத்தவை அவைதான். மெட்டு உழைப்பின் மூச்சிலிருந்து பிறக்க வேண்டும். முதற்பாடம் இது.

இதே மாவட்டத்துப் பூதப்பாண்டியில் 1907-ல் பிறந்த ஜீவா, தொழிலாளர் கூட்டங்களில் பாடுவதற்கென்றே பாட்டெழுதினார். பாடப்போகும் வாய் எது என்று தெரிந்து எழுதினார். ஆகவே அவை ஏட்டில் உறங்கவில்லை.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தைப் பாருங்கள். 1930-ல் பிறந்து 1959-ல் மறைந்தார், இருபத்தொன்பதே ஆண்டுகள்! உப்பளத்தில் உழைத்தார், மீனும் நண்டும் பிடித்தார், தேங்காயும் கீற்றும் விற்றார். அவர் சொல்லில் உப்புக் கரித்ததில் வியப்பென்ன?

அப்படியானால் மீனவன் மட்டும்தான் மீனவனைப் பாடலாமா? அப்படியல்ல. 1964-ல் வந்த 'படகோட்டி' படத்துப் பாடல்களை எழுதிய வாலி, திருவரங்கத்தில் வளர்ந்தவர். பிறந்த இடமல்ல, உற்றுப் பார்க்கும் கண்ணே முக்கியம்.

எதைப் பார்ப்பது? 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தது. குமரிக் கரையில் நூற்றுக்கு மேற்பட்ட மீனவர் திரும்பவில்லை. 'கண்ணீர்க் கடல்', 'நொறுங்கிய நெஞ்சம்' என்று எழுதினால் எவன் உருகுவான்? அவை ஆயிரம் பேர் உடுத்திக் கிழிந்த சொற்கள்! பலருடைய உடலே கரைக்கு வரவில்லை. காணாமற்போனவனை இறந்தவன் என்று ஏற்க ஏழாண்டு காத்திருக்கச் சொன்னது சட்டம்; பிறகே அந்த விதி தளர்ந்தது. தாலியைக் கழற்றுவதா, வேண்டாமா என்று தெரியாமல் நின்ற பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் அழுதாள் என்று எழுத வேண்டாம். அவள் இரவில் கதவைத் தாழிடவில்லை என்று எழுதினால் போதும். அழுகையைக் கேட்பவனிடம் விட்டுவிடுங்கள். அது அவன் பங்கு!

எழுதியதை எங்கே சோதிப்பது? பாராட்டும் நண்பனிடமல்ல. வலை பின்னுபவரிடமும் கயிறு திரிப்பவரிடமும் பாடிக் காட்டுங்கள். வேலை நிற்காமல் வாய் கூடவே முணுமுணுத்தால் பாட்டு பிழைத்தது. கை நின்று முகம் கடலைப் பார்த்துத் திரும்பினால், அது நெஞ்சைத் தொட்டது. இரண்டும் இல்லையா? கிழித்துப் போடுங்கள், தோழர்களே. நாளை வேறொன்று எழுதுவோம்!