மூடினால் தீருமா ஆற்றின் குறை?

ஜொகூர் பாரு நகரின் நடுவே ஓடும் சுங்கை செகெட்டைப் பலர் ஆறு என்றே நினைப்பதில்லை. "பெரிய சாக்கடை" என்று சொல்லிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆனால், இந்த மாநிலம் வளர்ந்ததே இப்படிப்பட்ட சிற்றாறுகளால்தான் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் ஜொகூர் பெரும் காடு. உள்ளே போக ஆறுதான் பாதை. அப்போது ஆட்சி செய்த தெமெங்கோங் இப்ராஹிம், 1844இல் 'சூராட் சுங்கை' என்ற ஆற்றுப் பத்திரங்களைக் கொடுக்கத் தொடங்கினார். பத்திரம் பெற்ற சீனத் தலைவருக்குக் 'காங்சூ' என்று பெயர். அவர் அந்த ஆற்றோரம் காட்டை அழித்து, மிளகும், தோல் பதனிட உதவும் கம்பீரும் பயிரிடலாம். அங்கே உருவான குடியிருப்பே 'காங்கார்'. காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்ற ஊர்ப்பெயர்கள் இன்றும் அதற்குச் சாட்சி.

1855இல் தஞ்சோங் புத்திரி என்ற பெயரில் தோன்றி, பின்னர் ஜொகூர் பாரு ஆன நகருக்கு அமைந்த ஆறு செகெட். வோங் ஆ ஃபுக் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் அதன் கரையில் ஒரு குடியிருப்பையே உருவாக்கினார். நம்மவர் வழிபடும் ராஜமாரியம்மன் ஆலயமும் அந்த ஆற்றுக்கு அருகில்தான் இருக்கிறது.

நகரம் பெருத்தது. வீட்டுக் கழிவு, கடைக் கழிவு எல்லாம் ஆற்றில் இறங்கின. கடல் ஏறும் நேரத்தில் நீர் வடியாமல் தேங்கியது. நாற்றம் தாங்க முடியவில்லை. 2000களில் ஆற்றின் ஒரு பகுதியைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். நாற்றம் போனதா? போகவில்லை. பிராணவாயு குறைந்த நீரில் கழிவு அழுகும். அழுகினால் வாயு வரும். மேலே மூடியதால் உள்ளே கழிவு வருவது நிற்குமா? பிறகு பல கோடி செலவழித்து மூடியைத் திறந்து, ஆற்றைச் சீரமைக்க வேண்டியதாயிற்று.

கண்ணில் படாத சிற்றாறு என்றால் எதையும் கொட்டலாம் என்ற எண்ணத்தின் விலையை 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் பார்த்தோம். சுங்கை கிம் கிம்மில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். 111 பள்ளிகள் மூடப்பட்டன.

ஆகவே நேயர்களே, சமைத்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். உணவகம் நடத்துவோர் எண்ணெய் வடிகட்டும் தொட்டியைத் தவறாமல் சுத்தம் செய்யுங்கள். ஆற்றில் யாராவது கழிவு கொட்டுவதைக் கண்டால் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவியுங்கள். அந்த நீர் ஓடுவது நம் பிள்ளைகளின் பள்ளி வாசல் வழியாகத்தான்.