கல்பாத்தித் தெருவும் வீடுகளும்

நம் எருத்தேன்பதிப் பக்கத்தில் வீட்டைச் சுற்றிக் கொஞ்சமாவது இடம் இருக்கும். ஆடு கட்டலாம். முருங்கை நடலாம். ஆனால் பாலக்காடு நகரத்துக்குள் கல்பாத்தி என்று ஓர் இடம் உண்டு. அங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓர் அடி இடம்கூடக் கிடையாது. தெருவின் இரு பக்கமும் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

இதை அக்கிரகாரம் என்பார்கள். பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் ஆகியவை அங்குள்ள தெருக்கள். பக்கத்திலேயே கல்பாத்திப் புழை ஓடுகிறது. புழைக் கரையில் விசுவநாத சுவாமி கோயில் இருக்கிறது. அது 1425-ஆம் ஆண்டில் ஏற்பட்டது என்பார்கள். தஞ்சாவூர் முதலிய இடங்களிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்கள் இங்கே குடியேறினார்கள்.

வீட்டுக்குள் போய்ப் பார்ப்போமா? முதலில் திண்ணை. அடுத்தது ரேழி என்னும் நடை. பிறகு கூடம். கூடத்தை ஒட்டி முற்றம். முற்றத்தின் மேலே கூரை இல்லை. பக்கச் சுவரில் சன்னல் வைக்க முடியாது அல்லவா? அதனால் வெளிச்சமும் காற்றும் இந்த முற்றத்தின் வழியாகத்தான் வரும். அதற்கும் பின்னால் அடுக்களை, கிணறு, கொல்லை. வீட்டின் அகலம் குறைவு; நீளம் அதிகம். வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லையில் இருப்பவருக்குக் கேட்பது கஷ்டம்தான்!

வீடுகள் அழகானவை. ஆனால் தெரு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. தீண்டாமை இருந்த காலம் அது. பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1924-ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையில் யாரும் நடக்கலாம் என்பதே அது. தீர்மானம் நிறைவேறியது. அரசாங்கமும் உத்தரவு போட்டது. அதே ஆண்டு நவம்பரில் கல்பாத்தித் தேர்த் திருவிழா வந்தது. ஈழவர்கள் சிலர் தெருவுக்குள் போனார்கள். அவர்களை அடித்து விரட்டினார்கள். காகிதத்தில் இருந்த உரிமை தெருவுக்கு வந்து சேரவில்லை. அதன்பின் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்து, நடக்கும் உரிமையைக் கேட்டார்கள். இந்தப் போராட்டத்தை நம் மாவட்டத்திலேயே பலர் மறந்துவிட்டார்கள். இன்று ஐப்பசித் தேருக்கு எல்லாச் சாதியாரும், எல்லா மதத்தாரும் போகிறார்கள்.

அக்கிரகாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு வெளியூரில் வயல் இருந்தது. பாட்டத்துக்கு விட்டிருந்தார்கள். பாட்ட நெல்லில் வீடு நடந்தது. 1970 ஜனவரி 1 முதல் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உழுத குத்தகைக்காரருக்கே நிலம் கிடைத்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்கும் உரிமை வந்தது. ஊராட்சிப் பகுதியில் அது 10 சென்ட் வரை. நம்மில் பலருக்கு வீட்டுமனை வந்தது இப்படித்தான். அதே சட்டத்தால் கல்பாத்தியில் நெல் வரவு நின்றது. அதற்கு முன்பே இளைஞர்கள் படித்துச் சென்னை, மும்பை என்று வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். பிறகு இன்னும் பலர் போனார்கள். பல வீடுகளில் முதியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

பூட்டிய வீட்டில் ஓடு உடைந்தால் மாற்ற ஆள் இல்லை. மழைநீர் சுவரில் இறங்குகிறது. அது பக்கத்து வீட்டுக்கும் சுவர் அல்லவா? அங்கேயும் ஈரம் ஏறுகிறது. ஒருவர் தம் வீட்டை இடித்து மாடி கட்டினால், அடுத்த வீட்டு உத்திரம் ஆடிவிடும்.

கேரள அரசு கல்பாத்தியைப் பாரம்பரியக் கிராமமாக அறிவித்திருக்கிறது. பழைய தோற்றத்தைக் காப்பது அதன் நோக்கம். இதனால் வீட்டை இடித்துக் கட்டவோ, முகப்பை மாற்றவோ நகராட்சி அனுமதி மட்டும் போதாது. கலை, பாரம்பரிய ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும். அனுமதி கிடைக்கத் தாமதம் ஆகிறது என்று அங்கே குடியிருப்பவர்கள் முறையிட்டு வருகிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். திண்ணையும் ஓடும் நிலைக்க வேண்டுமென்றால், அந்தப் பழுதுபார்க்கும் செலவில் அரசும் பங்கு ஏற்க வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பாட்டி, தேக்கு உத்திரம் வாங்கிப் போட எங்கே போவார்?