துவரை மண்ணில் கரும்பு

லாத்தூர் என்றால் மளிகைக்காரர்களுக்குத் துவரம் பருப்புதான் நினைவுக்கு வரும். அவ்வூர் உள்ள மராத்வாடா, மகாராஷ்டிரத்தின் வறட்சிப் பகுதி. 2016 ஏப்ரலில் லாத்தூர் மக்களுக்குக் குடிநீரே மிரஜிலிருந்து ரயிலில்தான் வந்தது. அதே வட்டாரத்தில் கரும்பும் சர்க்கரை ஆலைகளும் உள்ளன!

கரும்புக்கு 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். மராத்வாடாவின் சராசரி மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். மீதியை அணையிலும் ஆழ்துளைக் கிணற்றிலும்தான் எடுக்க வேண்டும். துவரையோ மானாவாரிப் பயிர். பெரும்பாலும் மழையோடு சரி.

இதற்கு விவசாயியைக் குறை சொல்வது நியாயமல்ல. கரும்புக்கு மத்திய அரசு விலை நிர்ணயிக்கிறது. ஆலை வாங்கிக்கொள்கிறது, பணம் தாமதமானாலும். துவரை விவசாயிக்கு அந்த உறுதி அப்போது இருக்கவில்லை. 2015-இல் பருப்பு கிலோ 200 ரூபாய் வரை விற்றது நமக்கு மறக்காது. அதை நம்பிப் பலரும் துவரை விதைத்தனர். 2016-17-இல் அமோக விளைச்சல்; மண்டி விலை ஆதார விலைக்கும் கீழே போயிற்று. சுட்டுக்கொண்டவர் கரும்புக்குத்தானே திரும்புவார்? விளைந்த துவரையை ஆதார விலைக்குத் தவறாமல் கொள்முதல் செய்தாலொழிய அங்கே கரும்பு குறையாது.

மராத்வாடாவில் ஜூன், ஜூலை மழையை விசாரித்த பின்பே நான் பருப்பு இருப்பு வைப்பது வழக்கம்.