பம்பருக்குப் பெயின்ட்: பூசுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

கடைக்குச் சரக்கு கொண்டுவரும் சிறு வண்டியானாலும், குடும்பத்துக்கென வாங்கிய காரானாலும், முதலில் அடி வாங்குவது பம்பர்தான். குறுகலான மண்டித் தெருவில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு தூணில் உரசினால் போதும், நிறம் போய் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தெரிகிறது. பட்டறையில் விட்டுப் பெயின்ட் அடித்து வாங்குகிறோம். அடித்த அன்று கண்ணாடிபோல் மின்னுகிறது. சில மாதங்கள் கழித்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும்போது பூச்சு தோல் தோலாக உரிந்து வருகிறது. கொடுத்த பணமும் போய், வண்டி நின்ற நாட்களின் வியாபாரமும் போய், மறுபடியும் பட்டறை வாசலில் நிற்கிறோம்.

பெயின்ட் மட்டமானது என்று பழி சொல்வது வழக்கம். பெரும்பாலும் குற்றம் பெயின்டில் இல்லை. பூசுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாததே காரணம். அந்த வேலை இன்னதென்று அறிந்துகொண்டால், ஸ்பிரே கன்னை நாம் கையில் பிடிக்காவிட்டாலும், பட்டறையில் கேட்க வேண்டியதைக் கேட்டுப் பெறலாம்.

இரும்பு வேறு, பிளாஸ்டிக் வேறு

பழைய அம்பாசிடர் கார்களில் பம்பர் இரும்பால் ஆனது. அதன்மேல் குரோம் பூச்சு இருக்கும். இன்றைய கார்களின் பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கோடு ரப்பர் போன்ற பொருள்களைக் கலந்து செய்தவை. அரிசியும் சர்க்கரையும் வரும் வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கும் இதே பாலிபுரொப்பிலீன்தான். அந்தச் சாக்கின்மேல் சாதாரணப் பசை தடவிச் சீட்டு ஒட்டிப் பார்த்தவர்களுக்கு விஷயம் எளிதில் விளங்கும். எண்ணெய் தடவிய தட்டில் தண்ணீர் பரவாமல் துளித்துளியாக நிற்பதுபோல, இந்தப் பிளாஸ்டிக்கின்மேல் பசையும் பெயின்டும் நன்றாகப் பரவிப் பிடிப்பதில்லை.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. பம்பரை அச்சில் வார்க்கும்போது, அது அச்சில் ஒட்டாமல் கழன்று வருவதற்காக மெழுகு, சிலிகோன் போன்ற பொருள்களைப் பூசுவார்கள். அதன் மிச்சம் புதிய பம்பரின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அடுத்து, பிளாஸ்டிக் வளையும் தன்மை உடையது. இரும்புக்குப் போடும் கெட்டியான பட்டி பம்பரோடு சேர்ந்து வளையாது, வெடித்து உதிர்ந்துவிடும்.

எந்தப் பிளாஸ்டிக் என்று அறிவது

பம்பரைக் கழற்றி உட்புறம் பார்த்தால், இரண்டு கூர்முனைக் குறிகளுக்கு நடுவே சில ஆங்கில எழுத்துகள் பதிந்திருக்கும். ஐ.எஸ்.ஓ. 11469 என்னும் உலகத் தர விதிப்படி இடப்படும் குறி இது. பி.பி. என்று தொடங்கினால் பாலிபுரொப்பிலீன். பெயின்ட் எளிதில் பிடிக்காத வகை. ஏ.பி.எஸ். என்றிருந்தால் வேறு வகை. அதில் பெயின்ட் ஓரளவு எளிதாகப் பிடிக்கும், ஆனால் காட்டமான தின்னர் பட்டால் அது இளகிக் கெட்டுவிடும். ஒரு துணுக்கைச் சீவித் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பி.பி. என்று சொல்வாரும் உண்டு. சுத்தமான பி.பி. மிதக்கும் என்பது உண்மையே. ஆனால் உறுதிக்காக டால்க் தூள் அதிகம் கலந்த பி.பி. மூழ்கிவிடவும் கூடும். ஆகவே குறியைப் பார்ப்பதே நம்பகமானது.

வேலையின் வரிசை

முதலில் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பிறகு பிளாஸ்டிக்குக்கென விற்கும் கிளீனரையோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையோ ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, ஈரம் காயுமுன் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் தேய்த்தால் அழுக்கு இடம் மாறுமே தவிர நீங்காது. எண்ணெய் டின் ஏற்றும் வண்டிகளிலும், பம்பர் கருமையாகத் தெரிய சிலிகோன் பாலிஷ் போட்டுவந்த வண்டிகளிலும் இந்த வேலையை இரண்டு மூன்று முறை செய்வது நல்லது. சிலிகோன் மிச்சம் இருந்தால் புதுப் பூச்சில் மீன் கண்போல் வட்ட வட்டமாகக் குழி விழும்.

கழுவிய பிறகே உப்புத்தாள் தேய்க்க வேண்டும். அழுக்கோடு தேய்த்தால் எண்ணெய்ப் பசை கீறல்களுக்குள் போய் அடைந்துகொள்ளும். பழைய பெயின்டின் ஓரங்களை 320 எண் தாளால் சரிவாக்கி, பிறகு 400 முதல் 600 எண் வரையுள்ள வாட்டர் பேப்பரால் முழுவதும் மங்கலாகும்வரை தேய்ப்பது பொதுவான முறை. 80 எண் போன்ற முரட்டுத் தாள் கூடாது. பிளாஸ்டிக் நார் நாராகக் கிளம்பும். பழைய பெயின்ட் உறுதியாகப் பிடித்திருந்தால் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. மங்கலாகத் தேய்த்தாலே போதும்.

தேய்த்த பின் மறுபடியும் கழுவி, தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் எண்ணெய்ப் பசை நீங்கியதற்கு அறிகுறி; முத்து முத்தாக நின்றால் இன்னும் துடைக்க வேண்டும். பள்ளம் இருந்தால், வளையும் பிளாஸ்டிக்குக்கென உள்ள பட்டியே போட வேண்டும்.

பம்பர் முழுவதும் காய்ந்தபின், பிளாஸ்டிக் வெளியே தெரியும் இடங்களில் எல்லாம் 'பிளாஸ்டிக் பிரைமர்' எனப்படும் ஒட்டுப் பூச்சை மெல்லியதாக அடிக்க வேண்டும். பிளாஸ்டிக்கையும் பெயின்டையும் இணைக்கும் பாலம் இதுதான். தடிமனாக அடித்தால் பலன் கூடாது, கெடவே செய்யும். எவ்வளவு நேரம் உலர வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள் அடுத்த பூச்சு போட வேண்டும் என்பது டின்னிலேயே அச்சிட்டிருக்கும். அதை மீறக் கூடாது.

கடையில் பிரைமர் பூசியே வரும் புதிய பம்பரானால், இலேசாகத் தேய்த்துத் துடைத்தால் போதும். தேய்க்கும்போது பிளாஸ்டிக் வெளிப்பட்ட இடத்துக்கு மட்டும் ஒட்டுப் பூச்சு தேவை.

தவிர்க்க வேண்டியவை

காட்டமான தின்னரை ஊற்றித் துடைப்பது, பழைய பெயின்டை எடுக்க இரும்புக்கான பெயின்ட் ரிமூவரைத் தடவுவது, பெட்ரோலால் துடைப்பது ஆகிய மூன்றும் கூடாது. முதல் இரண்டும் பிளாஸ்டிக்கைத் தின்னும். பெட்ரோல் எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்வதோடு தீ ஆபத்தும் உடையது.

மளிகை வணிகர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. செலவு மிச்சம் என்று கடையின் பின்கட்டிலோ குடோன் வாசலிலோ ஸ்பிரே அடிக்க இடம் தர வேண்டாம். தேயிலை, மாவு, சர்க்கரை போன்றவை தின்னர் வாடையைப் பிடித்துக்கொள்ளும். ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயின்ட்களில் உள்ள ஐசோசயனேட் என்னும் பொருள் நுரையீரலுக்கும் தீங்கானது. தகுந்த முகக் கவசமும் காற்றோட்டமும் உள்ள பட்டறையே இதற்கு உரிய இடம்.

கேட்டு வாங்குவோம்

வண்டியை விடும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எஸ்டிமேட் சீட்டில் எழுதி வாங்கலாம். பிளாஸ்டிக் பிரைமர் போடுவீர்களா? பட்டி பிளாஸ்டிக்குக்கு உரியதா? பெயின்டில் வளைவுக்கான கலவை சேர்க்க வேண்டுமென்று டின்னில் சொல்லியிருந்தால் சேர்ப்பீர்களா? முடிந்தால், ஒட்டுப் பூச்சு போடுமுன் ஒரு நடை போய்ப் பம்பரைப் பார்த்து வரலாம். பளபளப்பு எங்கும் இல்லாமல் ஒரே சீராக மங்கலாக இருந்தால் தேய்ப்பு வேலை சரியாக நடந்திருக்கிறது. பெயின்ட் நன்றாக இறுகியபின், பம்பரின் அடி ஓரத்தில் செல்லோ டேப் ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பார்க்கலாம். டேப்போடு பூச்சும் வந்தால், பட்டறையில் அப்போதே சொல்லிச் சரிசெய்துகொள்வது சுலபம்.

பிரைமருக்கும் கூடுதல் கூலிக்கும் ஆகும் செலவு, இரண்டாம் முறை முழு வேலையும் செய்யும் செலவோடு பார்த்தால் சிறியது. மூட்டை வாங்கும்போது குத்தூசி போட்டு உள்ளிருக்கும் அரிசியைப் பார்க்கும் நாம், பெயின்டின் மினுமினுப்பை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுப்பது முறையல்ல. உள்வேலையையும் கேட்டறிந்து கொடுப்போம்.