பழைய லாரிக்கு ஸ்பேனர், புதிய லாரிக்கு ஸ்கேனர்: ஏன்?

டீசல் தீர்ந்து நின்ற பழைய லாரி, டேங்கை நிரப்பினால் மட்டும் கிளம்பாது. குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். டீசலைப் போலில்லாமல் காற்று எளிதில் அமுங்கும்; பம்ப் தரும் அழுத்தமெல்லாம் அதை அமுக்குவதிலேயே வீணாக, இன்ஜெக்டர் திறக்காது. நாமக்கல் பட்டறையில் மெக்கானிக் என்ன செய்வார்? ஃபில்டர் மேலுள்ள ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடிப்பார். முதலில் நுரை வரும். நுரை அடங்கித் தெளிந்த டீசல் வழிந்ததும் முறுக்கிவிடுவார். தீர்ந்தது வேலை.

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 புகை விதிப்படியான வண்டிகளில் கைவைத்தியம் பாதிதான் செல்லும். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசல் தரும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பாருக்கு மேலும் போகும். இன்ஜின் ஓடும்போது அந்தக் குழாயைத் தளர்த்தினால் டீசல் தோலையே துளைத்துவிடும். எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதை ஈசியூ என்ற கணினி தீர்மானிக்கிறது. புகைக்குழாயில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்க சென்சார், அதைக் குறைக்க 32.5 சதவீத யூரியா கரைசல். சென்சார் கெட்டாலே போதும், ஈசியூ இழுவையைக் குறைத்துவிடும். இன்ஜின் நன்றாகத்தான் இருக்கும், வண்டி மேடேறாது!

கோளாறைத் தேட ஈசியூவுடன் இணைக்கும் ஸ்கேனர் காட்டும் பிழை எண், கோளாறு எந்த சர்க்யூட்டில் என்றுதான் சொல்லும். கெட்டது சென்சாரா, எலி கடித்த ஒயரா என்பதை மல்டிமீட்டர் பிடித்துப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமலே சென்சாரை மாற்றி பில் போடும் பட்டறைகளும் உண்டு.